நாளைக்குத் தாரேன்

முன்னொரு காலத்தில், எள்ளுக்குள் எண்ணெய் ஒளிந்திருக்கும் ரகசியம் எறும்புக்கும் தெரிந்திருந்த காலத்தில், ஏழாம்படிக்கோட்டை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதில் ராஜா இருந்தார், மந்திரி இருந்தார், பட்டத்து யானையும் இருந்தது. அவர்களை விடுங்கள். மூன்று பேருக்கும் இந்தக் கதையில் வேலை இல்லை. இது ஒரு செக்குக்காரியின் கதை.

அவள் பெயர் ஆவுடை. அவளுக்கு இருந்த சொத்து ஒரு செக்கும் ஒரு காளையும்தான். காளைக்கு மயிலை என்று பெயர். காளை சுற்றும், உலக்கை சுற்றும், எள் நசுங்கும், எண்ணெய் வரும். மயிலையைக் கன்றுக்குட்டியிலிருந்து தன் கஞ்சியில் பாதியை ஊற்றி வளர்த்தவள் அவள். அவள் பேச்சை மனிதர்கள் கேட்டதைவிட மயிலை கேட்டதுதான் அதிகம். பாவம், அதற்குக் காதைப் பொத்திக்கொள்ளக் கை இல்லையே!

ஆவுடையின் எண்ணெய்க்கு ஊரில் நல்ல பேர். வாய்க்கும் பேர் உண்டு. அது நல்ல பேரா என்று என்னைக் கேட்காதீர்கள். கடன் வைத்தவன் வாசலில் நின்று அவள் பேச ஆரம்பித்தால், படுத்திருக்கிற தெருநாய்கூட எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

அப்பேர்ப்பட்டவளுக்கே ஒருவன் கடன் வைத்திருந்தான். கோட்டை வாசலில் பணியாரக் கடை போட்டிருந்த அய்யாக்கண்ணுதான் அவன். பொங்கலுக்கு வாங்கிய எண்ணெய்க்கு ஆடி பிறந்தும் காசு வரவில்லை. அவன் தரவில்லை என்பதால் ஆவுடையாலும் எள் வியாபாரி சங்குமுத்துவுக்குக் காசு கொடுக்க முடியவில்லை. சங்குமுத்து ஒரு நாள் கையில் கயிற்றோடு வந்து நின்றார்.

"இந்தா பாரு ஆவுடை. வெள்ளிக்கிழமை சந்தை. அதுக்குள்ள எள்ளுக் காசு வரணும். வரலைன்னா மயிலையை அவுத்துட்டுப் போயிருவேன். அப்புறம் என் மேல வருத்தப்படாதே."

அவள் மயிலையைப் பார்த்தாள். அது புண்ணாக்கைத் தின்றுகொண்டு அவளைப் பார்த்தது. காளை போனால் செக்கு நிற்கும். செக்கு நின்றால் அடுப்பு நிற்கும். அதைவிட, மயிலை போனால் அவள் யாரோடு பேசுவாள்? ஆவுடை அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டை வாசலுக்குக் கிளம்பினாள்.

கடையில் நிற்க இடமில்லை. அப்படி ஒரு கூட்டம்! சட்டிக் குழிகளில் பணியாரம் வேகிறது, திரும்புகிறது, இலைக்குப் போகிறது. ஆவுடைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி! வியாபாரம் தேர்த்திருவிழா மாதிரி நடக்குது. என் எண்ணெய்க் காசு என்னாச்சு?"

"வா தங்கச்சி, உக்காரு. ரெண்டு பணியாரம்..."

"உக்கார வரல. காசுக்கு வந்தேன்."

அய்யாக்கண்ணு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "நாளைக்குத் தாரேன்" என்றது வாய். சொன்னதும் அவனே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்ன நடிப்பு!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆவுடை போய்விட்டாள். சொல்லைக் கேட்டாளே தவிர, அவன் கண்ணில் இருந்த பயத்தை அவள் பார்க்கவில்லை. கோபம் வந்தால் நமக்கெல்லாம் காது மட்டும்தானே வேலை செய்கிறது!

மறுநாள் அவள் மறுபடி போனாள். "காசு தர வேண்டாம். பணியாரச் சட்டியைத் தூக்கிட்டுப் போறேன்" என்று அடுப்புப் பக்கம் நடந்தாள்.

அய்யாக்கண்ணு தடுக்கவில்லை. கல்லாப் பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு கரப்பான் பூச்சி சுகமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வேறு ஒன்றுமில்லை.

உள்ளேயிருந்து அவன் மனைவி தையலம்மை கைக்குழந்தையோடு வந்தாள். "எடுத்துக்கிடுங்க மதினி. உங்க காசுக்கு எடுக்கீங்க, நியாயம்தான். ஆனா ஒண்ணு. சட்டி இங்க இருந்தா என்னைக்காவது உங்க காசு வரும். உங்க வீட்டுல இருந்தா சட்டி மட்டும்தான் இருக்கும்."

ஆவுடை சட்டியில் வைத்த கையை எடுத்தாள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பது மாடு வளர்த்தவளுக்குத் தெரியாதா? அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தையலம்மையின் இடுப்பிலிருந்த பெண் குழந்தை கையை நீட்டி ஆவுடையின் மூக்குத்தியைப் பிடித்தது. எதைக் கண்டாலும் கையை நீட்டும் பருவம்.

"ஏட்டி, விடு! இவ பேரென்ன மதினி?"

"இன்னும் வைக்கல. பேர் வைக்க அத்தை வேணும்லா? இவுகளுக்குக் கூடப்பிறந்த பொறப்பு யாருமில்ல. சீனித்தண்ணிக்கும் காசில்ல. நாளைக்கு வைப்போம், நாளைக்கு வைப்போம்னு அப்படியே போயிருச்சு."

ஆவுடைக்கு மனசு கொஞ்சம் இளகியது. இளகியதை மறைக்க, "சரி, ரெண்டு பணியாரம் குடுங்க. சும்மா வேண்டாம், காசுக்கே" என்றாள். தின்றாள். ருசியில் குறையில்லை. காசை எடுக்க முந்தானை முடிச்சில் கை வைத்தாள்.

கை வைத்ததும் வாய் தானாகத் திறந்தது. "நாளைக்குத் தாரேன்!"

ஆவுடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடன் கேட்க வந்தவள் கடன் சொல்கிறாளே! முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சுப் போட்டது போட்டபடிதான் இருந்தது. உள்ளே காசைக் காணோம்.

"அண்ணாச்சி," என்றாள் மெதுவாக, "இது வியாபாரம் நொடிச்ச கதை இல்ல. சூனியம். யாரு, எப்படின்னு முதல்ல இருந்து சொல்லுங்க."

அய்யாக்கண்ணு சொன்னான். "பொங்கல் கழிஞ்ச மறுவாரம் தவணைராயன்னு ஒருத்தர் வந்தாரு. பெரிய தலப்பா, பெரிய தொப்பை, கையில கோல், தோள்ல பை. கடன் கேட்டாரு. நான் பலகையைக் காட்டினேன்."

ஆவுடை பலகையைப் பார்த்தாள். எல்லாக் கடையிலும் தொங்குவதுதான். 'இன்று ரொக்கம், நாளை கடன்.'

"மறுநாள் விடியக்காலம் போணிக்கே வந்து நின்னாரு. 'நேத்து நீ சொன்ன நாளை இதுதானே? கடன் குடு'ன்னாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. போணிக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பவும் கூடாதே! குடுத்துட்டேன். போணியே கடனாப் போச்சு. அன்னையிலிருந்து வார அத்தனை பேர் வாயிலயும் அதே சொல்லுதான். என் வாயிலயும்தான். சீக்கிரம் கடை திறந்து பார்த்தேன், முன்னாலேயே நின்னாரு. நேரங்கழிச்சுத் திறந்தேன், அப்பவும் நின்னாரு. கதவைப் பூட்டிப் பார்த்தேன், புகைக்கூண்டு வழியா இறங்கி வந்து உக்காந்துட்டாரு. தினமும் முதல் ஆளு அவருதான். காசு கேட்டா, நாளைக்குத் தாரேங்காரு."

கிணறு வெட்டப் போனவளுக்குப் பூதம் கிளம்பிவிட்டது. ஆவுடை யோசித்தாள், தலையைச் சொறிந்தாள், மறுபடி யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், தன்னுடைய காலி எண்ணெய்ப் பானையையாவது எடுத்துக்கொண்டு போவோம் என்று மூலையிலிருந்து தூக்கினாள்.

பானைக்குள் ஏதோ வழுக்கி விழும் சத்தம். எட்டிப் பார்த்தாள். ஒரு பல்லி. ஏறுவதும் சறுக்குவதும், ஏறுவதும் சறுக்குவதுமாக எண்ணெய்ப் பிசுக்கில் மாட்டிக்கொண்டு தவித்தது. ஆவுடை ஒரு விளக்குமாற்றுக் குச்சியை உள்ளே நீட்டினாள். பல்லி குச்சியைப் பற்றி ஏறி, சுவருக்குத் தாவி, மூச்சு வாங்கியது.

"ச்சு ச்சு ச்சு! நல்லா இரு தாயி" என்றது பல்லி.

அய்யாக்கண்ணு பயந்துபோய் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஆவுடை மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "பேசுவியா நீ?"

"பேசுவேன். சொன்னா பலிக்கும். அதனாலதான் அதிகம் பேசறதில்ல. நீ எனக்கு உதவி செஞ்சே. நான் யாருக்கும் கடன் வைக்கிறவ இல்ல. இந்தா, இப்பவே தீர்த்துடறேன், கேளு. அந்தத் தவணைராயன் மாயாவி. யாரு வாயில நாளைங்கிற சொல்லு விழுதோ, அவங்க காசு அவன் பைக்குப் போயிரும். அந்தப் பைதான் அவன் வயிறு. அடிச்சாலும் சாக மாட்டான், அழுதாலும் இரங்க மாட்டான். ஆனா அவன் பலமெல்லாம் வாக்குலதான். சொன்ன சொல்லை அவனால மீற முடியாது. மீறாம இருக்கத்தான் நாளைக்கு, நாளைக்குங்கான். விடிஞ்சா அது இன்னைக்கு ஆயிருதுல்ல? கடன் வாங்க மட்டும் நாளை உடனே வந்துச்சு, திருப்பித் தர நாளை வாரதே இல்ல. என்னைக்கு நாளை அவன் முன்னால வந்து நிக்குதோ, அன்னைக்கு அவன் குடுத்தே ஆகணும்."

"நாளை எப்படி வந்து நிக்கும்? அதுக்குக் கையா, காலா?"

"என் கடன் தீர்ந்துச்சு" என்றது பல்லி. விட்டத்துக்குள் புகுந்து மறைந்தது.

ஆவுடை வீட்டுக்கு நடந்தாள். மயிலைக்குத் தண்ணீர் காட்டினாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமைடா" என்றாள். "நாளைக்கு உன்னைக் கொண்டு போயிருவாங்கடா." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நாளைக்கு... நாளைக்கு..." என்று விம்மியவள், சட்டென்று நிறுத்தினாள்.

நாளைக்கு. அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். மயிலைக்குத் தண்ணீர். பிள்ளைக்குப் பால். நாளைக்குக் காசு.

கண்ணீர் காயுமுன்னே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மயிலை தலையை ஆட்டியது. புரிந்து ஆட்டியதா, ஈ கடித்து ஆட்டியதா, அதற்கே வெளிச்சம்!

வெள்ளிக்கிழமை வெள்ளி முளைக்குமுன்னே பணியாரக் கடைக் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் ஆவுடை. ஒரு கையில் சீனித்தண்ணீர், மறு கையில் கிண்ணம் நிறைய நல்லெண்ணெய்.

"அண்ணாச்சி, நான் உங்களை அண்ணாச்சின்னுதானே கூப்பிடுதேன்? அப்போ இந்தப் பிள்ளைக்கு நான் யாரு?"

அய்யாக்கண்ணு தூக்கக் கலக்கத்தில் விழித்தான். "அத்தை" என்றாள் தையலம்மை. சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

"அத்தைதான் பேர் வைக்கணும். கொண்டாங்க பிள்ளையை."

குழந்தையின் உச்சியில் எண்ணெய் வைத்தாள். நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைத்தாள். வலது காதில் குனிந்து மூன்று தடவை பேரைச் சொன்னாள். என்ன பேர் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டிருங்கள். மாயாவிக்குக் காது கூர்மை.

அதற்குள் அடுப்புப் புகை சுழன்றது. தவணைராயன் இறங்கிவிட்டான். பெரிய தலப்பா, பெரிய தொப்பை, கையில் கோல், தோளில் பை. உட்கார்ந்த உடனே, "கொண்டா பணியாரம்!" என்றான். அய்யாக்கண்ணு வைத்தான். அவன் தின்றான். வைத்தான், தின்றான். வைத்தான், தின்றான். சட்டி காலியானதும் ஏப்பம் விட்டு எழுந்தான்.

வாசலில் இதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் சங்குமுத்து, மயிலையைக் கயிற்றில் பிடித்தபடி சந்தைக்குப் போகிற வழியில் நின்றார். ஆவுடை மயிலையைப் பார்த்தாள்.  குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மாயாவியின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, தின்னதுக்குக் காசு?"

"நாளைக்குத் தாரேன்."

"பொங்கல்ல இருந்து தின்னதுக்கு?"

"அதையும் நாளைக்குத் தாரேன்."

"தோள்ல பை கனக்குதே. ஊரார் காசெல்லாம் அதுலதான் இருக்குன்னு கேள்விப்பட்டேன். அது?"

தவணைராயனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரை ஏய்த்தவன், இப்படி ஒரு அசட்டுப் பெண்ணைப் பார்த்ததில்லை. "பையா? பையையும் நாளைக்குத் தாரேன். ஏன், இந்த மந்திரக்கோலையும் நாளைக்குத் தாரேன், போதுமா?" தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"போதும்" என்றாள் ஆவுடை. வாசல் பக்கம் திரும்பினாள். கடன் வைத்தவன் வாசலில் நின்று தான் பேசுகிற அதே குரலில், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "ஊர்க்காரங்களே, கேட்டீங்களா? இவரு யாருக்குத் தாரேன்னு சொன்னாரு?"

"நாளைக்கு!" என்றது ஊர்.

"தையலு மதினி, உங்க மகள் பேரென்ன?"

தையலம்மை தலையை நிமிர்த்திச் சொன்னாள். "நாளை!"

 மாயாவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அத்தை நான் வெச்ச பேரு. சீனித்தண்ணி வெச்சு, காதுல மூணு தடவை சொல்லி வெச்ச பேரு" என்றாள் ஆவுடை. "நாளை வரட்டும், நாளை வரட்டும்னு இருந்தீங்க. இந்தா, நாளை வந்து நிக்குது. குடுங்க நாளைக்கு!"

"ஏய், நான் சொன்னது அந்த நாளை!"

"அண்ணாச்சி பலகையில எழுதினதுகூட அந்த நாளைதான். நீங்க இந்த நாளைன்னு சொல்லித்தானே கடன் வாங்கினீங்க?"

"ச்சு ச்சு ச்சு!" என்றது விட்டத்துப் பல்லி. பல்லி சொல்லிவிட்டால் அப்பீல் ஏது?

குழந்தை எப்போதும்போலக் கையை நீட்டியது.

அவ்வளவுதான். பையின் வாய் படாரென்று அவிழ்ந்தது. செம்பும் வெள்ளியுமாகக் காசுகள் கொட்டின. மழை கொட்டுகிற மாதிரி கொட்டின. பலகையில் உருண்டன, அடுப்படியில் உருண்டன, கல்லாப் பெட்டிக்குள் தாமாகவே ஏறி உட்கார்ந்தன. கரப்பான் பூச்சி தன் குடித்தனத்தைக் காலி செய்துவிட்டு வெளியேறியது. மந்திரக்கோல் அவன் பிடியிலிருந்து நழுவிக் குழந்தையின் கைக்குப் போய், போகிற போக்கிலேயே கிலுகிலுப்பையாக மாறிவிட்டது. நாளை அதை ஆட்டினாள். கிலு கிலு கிலு!

காசு குறையக் குறைய மாயாவியின் தொப்பை குறைந்தது. தலப்பா தோளுக்கு இறங்கியது. பிறத்தியார் காசில் ஊதிய உடம்பு அல்லவா! கடைசிக் காசு விழுந்ததும் விளக்குத் திரி மாதிரி ஒரு ஆள் மிச்சம் நின்றான். அடுத்த நிமிஷம், வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தான்.

ஊர் ஆரவாரம் செய்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அய்யாக்கண்ணு இரண்டு கை நிறையக் காசை அள்ளிக்கொண்டு ஆவுடையின் முன்னால் வந்து நின்றான். அவன் வாய் திறந்தது. பழக்கதோஷத்தில் என்ன வருமோ என்று அவனுக்கே பயம்.

"இன்னைக்கே தாரேன், தங்கச்சி" என்றான். சொன்னதைக் கேட்டு அவனே அழுதுவிட்டான்.

ஆவுடை எண்ணாமல் முந்தானையில் வாங்கினாள். எண்ணாமல் காசு வாங்கியது அவள் வாழ்க்கையிலேயே அன்றுதான். நேரே வாசலுக்குப் போய் சங்குமுத்துவின் எள்ளுக் காசை அவர் கையில் வைத்தாள். அவர் கயிற்றை நீட்டினார். மயிலை அவள் தோளில் முகத்தை வைத்துத் தேய்த்தது. அதைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள். "அண்ணாச்சி! அன்னைக்கு நான் தின்ன ரெண்டு பணியாரத்துக்குக் காசு. உங்க கடன் எனக்கு வேண்டாம்." ஒரு காசைக் குழந்தையின் கையில் வைத்து, கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுப் போனாள். அதன் பிறகு காளை சுற்றியது, உலக்கை சுற்றியது, எள் நசுங்கியது, எண்ணெய் வந்தது. பணியாரக் கடைக்குப் போன எண்ணெய்க்குக் காசும் வந்தது.

வருஷங்கள் போயின. அந்தக் கடை இன்னும் கோட்டை வாசலில் இருக்கிறது என்கிறார்கள். பலகையை எப்போதோ கழற்றி அடுப்பில் வைத்துவிட்டார்கள். கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மூக்கில் மூக்குத்தி, அத்தை போட்டது. வாயும் அத்தை வாய்தான்.

யாராவது வயிறு முட்டத் தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "காசை நாளைக்குத் தாரேன்" என்றால், அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள்.

"நான்தான் நாளை. குடுங்க."

கதை கேட்டவர்கள் கடனில்லாமல் வீடு போய்ச் சேருங்கள். பணியாரம் தின்றவர்கள் காசை வைத்துவிட்டுப் போங்கள்.